கிழக்கு மேற்காகக் கிடக்கும் கட்டில்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூன்று பேரும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். ஒன்று, வார்டில் நான்கு கட்டில்களும் ஏன் நடக்க இடம் விடாமல் அறையின் குறுக்கே கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. இரண்டு, முதல் ஆய்வின் பட்டியலில் நான்காம் எண்ணுக்குப் பிறகு ஏன் நேராக ஆறாம் எண் வருகிறது. பிறகு சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். எனவே எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இருந்தவள் என்ற முறையில், இங்கே என்னைவிட மூத்தவர் கஸ்தூரி அக்கா ஒருவர்தான். அவர் எழுத மாட்டார். பேசுவார்.

மாதிரிகள் எடுக்கும் முறை, உறைபெட்டி அட்டவணை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள் எல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. இது அந்தக் கோப்பில் எந்தத் தலைப்பின் கீழும் சேராத ஒரு விஷயம்.

நாம் செய்வதை வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. நான் இப்படிச் சொல்வேன்: விண்வெளிக்குப் போகாமலே உடலை எடையற்றதுபோல ஏமாற்றுகிறோம். தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்ந்த கட்டிலில் பதினைந்து நாள் படுக்க வைக்கிறோம். சாப்பாடு, குளியல், கழிப்பு எல்லாம் படுத்தபடியே. தலையணை கிடையாது. ரத்தமும் நீரும் தலைப்பக்கம் நகரும், கால்களுக்கு வேலை இருக்காது. அப்படிக் கிடக்கும் நல்ல திடமான உடலுக்கு ஒரு சின்ன நெருக்கடி கொடுத்தால், அதன் ஹார்மோன்கள் நிற்கும்போது பதில் சொன்னதுபோலவே சொல்கின்றனவா என்று பார்க்கிறோம். நெருக்கடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைக்கச் சொல்வோம், ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வோம்.

திடமான உடல் வேண்டும் என்பதால்தான் தாமல் ஏரிக்கரைக்குப் போனோம். விடிவதற்கு முன் அங்கே போலீஸ் தேர்வுக்காக ஓடுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆய்வுக்கு எட்டுப் பேரை அங்கிருந்துதான் சேர்த்தேன். ஒரு தடவைக்கு நான்கு பேர். ஒவ்வொருவரின் மாதவிலக்கு நாளையும் கணக்கிட்டுப் படுக்கும் தேதியைக் குறித்தேன். கால்மாட்டை உயர்த்தும் மரக்கட்டைகளை ஓரிக்கைப் பக்கம் தறி செய்யும் ஆசாரி ஒருவர் அறுத்துக் கொடுத்தார். நான் டிகிரியை விளக்கப் போக, அவர் எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்டு என் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது கட்டில்கள் சுவரோரமாக, வார்டு அழகாக இருக்கும்படி, இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் கிடந்தன. அதாவது இரண்டு பேருக்குத் தலை தெற்கே, இரண்டு பேருக்கு வடக்கே.

ஐந்தாம் எண் இரண்டாம் குழுவில் வந்தாள். இங்கே அவளைத் தேவிகா என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் அல்ல. இதை உங்களுக்குச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தேவிகா தாமல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். உடல்தகுதித் தேர்வு பாக்கி. சேர்க்கும்போது நான் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதாவது, அடுத்த இரண்டு மாதத்தில் முக்கியமான வேலை ஏதாவது இருக்கிறதா என்பது. உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் தேதி சொல்லவில்லை என்றாள். நான் "தேதி இல்லை" என்று எழுதி டிக் போட்டேன். தேதி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. அது பன்னிரண்டில் இல்லை.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கஷ்டம். முகம் உப்பும், மூக்கடைக்கும், முதுகு வலிக்கும். மற்ற மூன்று பேரும் புலம்பித் தீர்த்தார்கள். தேவிகா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் உமிழ்நீர் எடுக்கும்போது நான் கேட்கிற மூன்று கேள்விகளுக்கும், வலி, தூக்கம், மனநிலை மூன்றுக்கும், சிரித்துக்கொண்டே பூஜ்யம் என்பாள். பூஜ்யம் என்றால் தொல்லை இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை என்று பொருள். மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் காதில் விழும்படி, தேவிகாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு புகார் கிடையாது என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இந்த வேலையில் நான் செய்த பெரிய தவறு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும், மற்ற இடங்களில் எல்லாம் முடிந்த பிறகே உமிழ்நீர் மாதிரிகளை மொத்தமாக அளப்பார்கள். நாம் மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்துவிடுகிறோம். குழாயில் கோளாறு இருந்தால் அப்போதே தெரியட்டும் என்பதற்காக நான் பிடிவாதமாகக் கொண்டுவந்த வழக்கம் அது. ஆறாம் நாள் காலை, மூன்று நான்கு ஐந்தாம் நாள் மாதிரிகளை அளந்தேன். நெருக்கடியில் கூடும் ஹார்மோனான கார்ட்டிசால் காலையில் ஏறி மாலையில் இறங்க வேண்டும். மூன்று பேருக்கு ஒழுங்காக இறங்கியிருந்தது. ஐந்தாம் எண்ணுக்கு மூன்றாம் நாள் மாலை இறங்கவில்லை. நான்காம் நாள் மாலை அதைவிடக் கூடுதல். ஐந்தாம் நாள் இன்னும் கூடுதல்.

நான் பதறவில்லை. பட்டியல் எடுத்தேன். அதில் பதினான்கு காரணங்கள் இருந்தன. ஈறில் ரத்தம் கசிந்து உமிழ்நீரில் கலந்ததா, சாப்பிட்ட உடனே எடுத்தோமா, குழாய்கள் மாறினவா, உறைபெட்டி நடுவில் நின்றதா, அளக்கும் தட்டின் ஓரக் குழிகளில் ஊற்றிவிட்டேனா, இப்படி. மதியத்துக்குள் பதினான்கையும் பார்த்து முடித்தேன். திரும்பவும் அளந்தேன். அதே எண்கள்.

பிரிவின் தலைமை மருத்துவர் அன்று சென்னையில் இருந்தார். பத்தாம் நாள் பனித்தண்ணீர்ச் சோதனை. அதற்கு முன் ஐந்தாம் எண்ணின் மாதிரிகளை நம்பலாமா, நீக்கிவிடலாமா என்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லச் சொன்னார். நீக்கினால் எட்டில் ஒன்று குறையும். வைத்துக்கொண்டு, அது என் கைப்பிழை என்று பிறகு தெரிந்தால், எட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பேனாவை எடுத்து, "காரணம் தெரியவில்லை, நீக்கலாம்" என்று பென்சிலில்கூட அல்ல, மையில் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அப்போது கஸ்தூரி அக்கா தரை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வார்டைக் கவனித்துக்கொள்பவர், படுத்திருப்பவர்களுக்குத் தலை வாரிவிடுவது வரை அவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றார். அஞ்சாம் நம்பர் மாதிரி சரியில்லை என்றேன்.

"நானு மொத நாளே சொல்லிக்கினுதான் இருக்கறேன். வடக்கால தல வச்சிக்கினு கெடக்குது பொண்ணு. ஒடம்பு எப்பிடிம்மா ஒத்துக்கும்?"

ஆறாம் நம்பருக்கும் தலை வடக்கேதான், அவள் நன்றாக இருக்கிறாளே என்றேன்.

கஸ்தூரி அக்கா மாப்பை நிமிர்த்தி வைத்து யோசித்தார். "அது சர்ச்சுக்குப் போற பொண்ணும்மா. அதுக்கு வடக்கு ஒண்ணும் பண்ணாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பதினான்கு காரணங்களையும் பார்த்துவிட்டேன், பதினைந்தாவதாக இதையும் பார்த்து மூடிவிடலாம் என்று எழுந்தேன். ஒரு வேளை அந்தப் பெண்ணே அதை நம்பி, தூங்காமல் கிடக்கிறாளோ என்னவோ. கட்டிலைத் திருப்பிப் போடுவதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, காரணத்தைக் குறித்துவைத்தால் போதும். எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் காலையிலிருந்து குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அந்தக் கட்டிலருகே அனுப்பியது அந்தத் தவறான காரணம்தான்.

தேவிகா போனை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தெற்குப் பக்கமாகத் திருப்பிப் போடட்டுமா, வடக்கே தலை வைத்திருப்பது சங்கடமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஓட முடியாதேக்கா" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாக மாறியது. தலை தாழ்ந்திருந்ததால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றிப் பக்கம் ஓடி முடிக்குள் போனது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் மாலை, அதாவது நான் அவளைப் பாராட்டிய அன்றே, போனில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து இருபத்தோராம் நாள் தேர்வு. படுத்திருப்பது பதினைந்து நாள். அதற்குப் பிறகு நம் வார்டிலேயே உடலைத் தேற்றும் ஒரு வாரம். வீட்டுக்குப் போனால் தேர்வுக்கு இரண்டே நாள் மிஞ்சும். ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நாள். நான் போடாத கணக்கை அவள் மூன்று நாளாக விட்டத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அன்றே வந்து கூட்டிப் போய்விடுவார்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதானே மொத நாளு சொன்னீங்க, நீங்க எட்டுப் பேரும் எட்டுத் தூணு, ஒண்ணு போனாலும் கூரை நிக்காதுன்னு. அப்புறம் கம்ப்ளெய்ன்ட்டே பண்ணாத பொண்ணுன்னு வேற சொல்லிட்டீங்க. எப்பிடிக்கா சொல்றது?"

வரவேற்புப் பேச்சில் அந்தத் தூண் உவமையை நான்தான் சொன்னேன். சொன்ன அன்று எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இனி நடந்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் வேறொரு கணக்குப் போட்டது. இன்று ஆறாம் நாள். பத்தாம் நாள் சோதனை வரை இருந்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதற்குப் பிறகு போனாலும் அவளுக்குப் பதினான்கு நாள் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நியாயம். நல்ல கணக்கு. வாயிலும் வந்துவிட்டது. "இன்னும் ஒரு நாலு நாள் மட்டும்..." என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

நான் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. அவ்வளவு வேகமாக வந்த அந்தச் சரியைக் கேட்டுத்தான் நான் விழித்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிற சரிக்கு ஒரு மூச்சாவது இடைவெளி இருக்கும். இதில் அது இல்லை. வலியா, தூக்கமா, மனநிலையா என்று நான் கேட்டபோதெல்லாம் பூஜ்யம் பூஜ்யம் என்று சொன்னாளே, அதே வேகம்.

எழுந்து போய் அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துவந்தேன். ஏழாவது பத்தியை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஆய்வில் கலந்துகொள்பவர் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், தன் விருப்பப்படி விலகலாம். விலகுவதால் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சையிலோ மரியாதையிலோ எந்தக் குறையும் வராது.

தேவிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது அன்னிக்கும் இருந்துச்சா?"

இருந்தது, படித்துக் காட்டினேனே என்றேன்.

"கண்டக்டர் ஸ்டாப்பு பேரு சொல்ற மாதிரி சொல்லிக்கினே போயிட்டீங்க. எறங்கறவங்களுக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

நான்கு நாள் என்று நான் கேட்டது தவறு, அதை மறந்துவிடு என்றேன். நீ போனால் ஒன்பதாவதாக ஒருவரைச் சேர்ப்போம், எனக்குக் கூடுதலாக ஒரு மாதம் வேலை, அவ்வளவுதான், கூரை எதுவும் விழாது என்றேன். உடனே பதில் சொல்லாதே, ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன், அதுவரை வீட்டுக்குப் போன் செய்கிறாயோ சும்மா இருக்கிறாயோ உன் விருப்பம் என்று திரையை இழுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு மணி நேரமும் கஸ்தூரி அக்கா யாரையும் உள்ளே விடாமல் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தபோது தேவிகா போவதாகச் சொன்னாள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள். கூடவே, "போறதுக்குள்ள ஏதாச்சும் எடுத்துக்கணும்னா எடுத்துக்குங்கக்கா" என்றாள். அன்று மாலை வழக்கமான நேரத்தில் ஒரு குழாய் உமிழ்நீர் மட்டும் எடுத்தேன். மூன்று கேள்விகளையும் கேட்டேன். முதுகு வலிக்கு ஏழு என்றாள். முதல் நாளிலிருந்தே ஏழுதான் என்றாள்.

ஐந்து மணிக்குத் தலைமை மருத்துவர் அழைத்தார். நீக்குவதா, வைப்பதா என்றார். மாதிரிகள் சரியானவை, அந்தப் பெண் விலகுகிறாள், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை என்றேன். பத்தாம் நாள் வரை இருக்கச் சொல்லிப் பார்த்தாயா என்று அவர் கேட்டார். பார்த்தேன், அது நான் செய்த தவறு என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அதையும் ரிப்போர்ட்ல எழுதிடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எழுதினேன். அந்த அறிக்கை நெறிமுறைக் குழுவின் கோப்பில் இருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கிப் படிக்கலாம். என் பெயரோடு இருக்கிறது. மறைக்கச் சொல்லாத ஒருவரிடம் வேலை பார்த்தது என் பாக்கியம்.

மறுநாள் காலையிலிருந்து கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். முதல் தடவை எழுந்து நின்றபோது அவளுக்கு நாடி தடதடவென்று அடித்தது, முழங்கால் நடுங்கியது. ஏரியை ஒரே மூச்சில் சுற்றுகிற பெண் கஸ்தூரி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போனாள். ஆறு நாள் படுத்ததற்கே இப்படி. எடையின்மை உடலுக்கு என்ன செய்யும் என்று நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்த ஆறடி தூரத்தைப் பார்த்தபோதுதான் நான்கு நாள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது. உடற்பயிற்சி மருத்துவர் இரண்டு வாரத்துக்கு ஒரு பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் காலை அவள் அப்பா வந்து வண்டியில் ஏற்றிப் போனார். இனிமேலாவது தெற்கே தலை வைத்துப் படு என்று கஸ்தூரி அக்கா வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார்.

அன்று அளக்கும் நாள். ஆறாம் நாள் மாலைக் குழாயை அளந்தேன். கார்ட்டிசால், அவள் படுப்பதற்கு முந்தைய மாலை எவ்வளவு இருந்ததோ ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அப்போதும் அவள் அதே ஆறு டிகிரி சரிவில், அதே வடக்குப் பக்கம் தலை வைத்துத்தான் கிடந்தாள். போகலாம் என்பது மட்டும்தான் புதிது.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு குழாய். கட்டுரையில் அதற்கு இடமில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஏறிய மூன்று மாலைகளையும் பிழை என்று நீக்கியிருந்தால் என் பட்டியல் சுத்தமாக இருந்திருக்கும், அந்தப் பெண் பதினைந்து நாளும் சிரித்துக்கொண்டே பூஜ்யம் சொல்லியிருப்பாள். அதை நினைக்கும்போதெல்லாம் கஸ்தூரி அக்காவின் வடக்குக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

தேர்வு முடிந்த அன்று மாலை தேவிகா போன் செய்தாள். ஓட்டம் தேறிவிட்டாள். நீளம் தாண்டுவதில் தூரத்துக்கேற்ப ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று மதிப்பெண் போடுவார்கள்; எப்போதும் இரண்டு ஸ்டார் தூரம் தாண்டுகிறவள், அன்று ஒரு ஸ்டாரோடு நின்றுவிட்டாள்.

"இன்னொரு ஸ்டாரு ஒங்க கட்டில்லதான்கா எங்கியோ கெடக்குது. பெட்ஷீட்ட ஒதறும்போது பாத்து எடுத்து வைங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு விளையாட்டாக இல்லை. இறுதிப் பட்டியல் வரும்வரை அந்த ஒரு ஸ்டாரைச் சுமந்துகொண்டுதான் நடந்தேன். அவள் பெயர் வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில், ஆனால் வந்திருந்தது. கஸ்தூரி அக்காதான் முதலில் பார்த்தார்.

அடுத்த ஆய்வுக்கு முன் கட்டில்களைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டேன். அறைக்கு அது பொருந்தாது, கால் இடித்துக்கொள்வீர்கள், மன்னியுங்கள். வடக்குத் திசை கார்ட்டிசாலை ஏற்றும் என்று நான் நம்பவில்லை. படுக்க வருகிறவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயங்களில் ஒன்றையாவது நாமே முன்கூட்டிக் குறைத்துவிடலாம் என்று தோன்றியது. ஏழாவது பத்தியை இப்போது நான்கு தடவை படிக்கிறோம்: சேரும் அன்று, படுக்கும் அன்று, ஐந்தாம் நாள், பத்தாம் நாள். அவசரமில்லாமல் படியுங்கள். தூண் உவமையைச் சொல்லாதீர்கள். புகார் சொல்லாதவரைப் பாராட்டாதீர்கள், அவரிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

போன மாதம் தேவிகா விடுப்பில் வந்தபோது இங்கேயும் எட்டிப் பார்த்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், நடையே மாறியிருந்தது. கட்டில்கள் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஜெயிச்சிட்டீங்க என்று கஸ்தூரி அக்காவின் கையைக் குலுக்கினாள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை வைத்து நின்றாள்.

"என் நம்பர யாருக்குக்கா குடுத்தீங்க?"

யாருக்கும் கொடுக்கவில்லை, புதிதாக வந்தவருக்கு ஒன்பது கொடுத்தோம் என்றேன்.

"அப்ப அஞ்சு காலியா கெடக்குதா?"

"காலியா இல்ல. அதுல நீ இருக்க" என்றேன்.

யாராவது வந்து, நான்குக்குப் பிறகு ஆறு வருகிறது, தட்டச்சுப் பிழை என்று திருத்தப் பார்ப்பார்கள். திருத்த விடாதீர்கள்.